இறக்காமல் விட்ட விமானம்

கணினியில் விமானத்தை நிறுத்தி வைத்த பிறகும் அதன் சத்தம் நிற்கவில்லை.

நௌஷாத் நிறுத்துகிற பொத்தானை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தான். திரையில் எல்லாம் உறைந்துதான் கிடந்தது. விமானி அறைக் கண்ணாடிக்கு வெளியே ஒரு மேகம், இறக்கை நுனியில் சிக்கிய பஞ்சு மாதிரி அசையாமல் நின்றது. கீழே குடமுருட்டி ஆறும், அதிலிருந்து பிரிந்து போகிற வாய்க்கால்களும், தண்ணீர் கட்டி நின்ற சம்பா வயல்களும் படம் போலத் தெரிந்தன. ப்ரொப்பெல்லரின் ஆறு தகடுகளையும் தனித்தனியாக எண்ணலாம். எந்த முள்ளும் நகரவில்லை. ஆனாலும் அடித்தொண்டையில் யாரோ விடாமல் முனகுவது போன்ற அந்த இரட்டை எஞ்சின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஹெட்போனைக் கழற்றினான். சத்தம் குறைந்திருக்க வேண்டும். கூடியது.

அது மாடி அறையின் கூரைக்கு மேலிருந்து வந்தது.

தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, எப்போதாவது ஒன்று பாபநாசத்துக்கு மேலாகப் போகும், அதுதான் என்று நினைத்துக்கொண்டான். நினைத்தானே தவிர, அன்றைக்கு அதைப் பற்றி யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தவன். இப்போது மணி ஐந்து.

நாற்பத்து மூன்று வயதில் இதெல்லாம் தேவையா என்று அவன் மனைவி சபிஹா கேட்காமல் இல்லை. ஷார்ஜா விமான நிலையத்தில் பதினாறு வருடம் தரைப்பணி பார்த்தவன் நௌஷாத். விமானத்துக்கு ஏணி கொண்டுபோய் வைப்பான், பெட்டிகள் ஏற்றுவான், பின்னால் தள்ளிவிடுவான், கை காட்டி நிறுத்துவான். பதினாறு வருடமும் விமானத்தின் வயிற்றைத்தான் பார்த்தான். ஏணியில் இறங்கி வருகிறவர்களின் கால்களைப் பார்த்தான். விமானி அறைக்குள் ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. பெட்டி வண்டி மோதி முழங்கால் போன பிறகு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வயலோரத்து வீட்டின் மாடி அறையில் ஒரு கணினி, ஒரு ஸ்டீரிங், காலுக்கு இரண்டு பெடல் என்று வாங்கிப் போட்டு, வீட்டிலிருந்தபடியே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டான்.

முதலில் எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. அந்த மென்பொருளோடு வருகிற விமானங்கள் ஒரு விசையை அழுத்தினால் கிளம்பிவிடும். அவற்றை ஏளனம் செய்தவன் ஜாஹித். அதிராம்பட்டினத்துக்காரன், ஷார்ஜாவில் இவனோடு ஏணி தள்ளியவன், இன்னும் அங்கேதான் இருக்கிறான், அவனுக்கும் இதே பித்து. "அதெல்லாம் பொம்மை, மச்சான். நான் ஒண்ணு சொல்றேன், தனியா வாங்கிப் போடு. எழுபத்திரண்டு பேர் போற ப்ரொப்பெல்லர் விமானம். நெசத்துல இருக்கற ஒவ்வொரு சுவிட்சும் வேலை செய்யும். அதை இறக்கிட்டா நீ பைலட்டு."

வாங்கிப் போட்டு எட்டு வாரமாகிறது. அறுநூற்று நாற்பது பக்கக் கையேடு. பேட்டரியைப் போட்டால் ஒரு மணி அடிக்கும். எதற்கு அடிக்கிறது என்று தேடி நிறுத்துவதற்குள் வேறொரு மணி அடிக்கும். எஞ்சினைக் கிளப்ப முக்கால் மணி நேரம், கிளப்பினால் ப்ரொப்பெல்லர் சுற்றாது, சுற்றினால் ஓடுபாதையில் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்லுக்குள் போகும். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று கோணிக்கொள்ள, ஒவ்வொரு தடவையும் நௌஷாத் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே மூடிவிடுவான். ஒரு தடவைகூட அதைத் தரையிறக்கியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் கூடி வந்தது. திருச்சியிலிருந்து சென்னைக்கு. ஓடுபாதையில் நேராக ஓடியது, ஏறியது, தானியங்கி விமானியும் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டது. பாபநாசத்துக்கு மேலே வந்ததும் யாரும் சொல்லாமலே இடப்பக்கம் சாய்ந்து, ஒரு வட்டம் போட்டது. பிறகு இன்னொன்று. வழித்தடத்தில் அவன் போடாத ஒரு புள்ளி இருந்தது. அழித்தான், திரும்ப வந்தது. தானியங்கியை விடுவிக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தினான், விடவில்லை. பயணிகளுக்கு அறிவிப்புச் செய்ய ஒரு பட்டியல் இருந்தது. கடுப்பில் அதில் ஒன்றைத் தட்டிவிட்டான்: 'சற்றுத் தாமதமாகும், இருக்கையிலேயே இருங்கள்.' அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. நாற்பது நிமிடம் சுற்றியது.

"போய்த் தொலை" என்று சொல்லிவிட்டு மென்பொருளை மூடினான். கணினியையும் அணைத்தான்.

கீழேயிருந்து சபிஹா குரல் கொடுத்தாள். "என்னங்க, அத கொஞ்சம் மெதுவா வைங்களேன். தலைய வலிக்குது."

"அணைச்சிட்டேன்மா."

"அப்புறம் என்ன சத்தம் இது?"

அவன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான்.

மறுநாள் காலையில் வானம் தாழ்ந்து கிடந்தது. ஐப்பசிக் கடைசி. தென்னை மட்டைகளை உரசிக்கொண்டு போகிற மாதிரி மேகம். அதற்குள் அந்தச் சத்தம் இருந்தது. பெரிய சத்தமில்லை, பக்கத்துத் தெருவில் மாவு மில் ஓடுவது போல. வடக்கே போய்த் தேய்ந்து, ஆற்றுப்பக்கம் திரும்பி, கிழக்கே வந்து வளர்ந்து, வீட்டுக்கு மேலே கடந்து, மறுபடி வடக்கே. ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம். அவன் கைபேசியில் பார்த்து வைத்திருந்தான். முந்தின நாள் திரையில் போட்ட வட்டமும் நாலு நிமிடம்தான்.

பின்வாசலை ஒட்டி செல்லதுரையின் வயல். செல்லதுரை வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் மண்வெட்டி.

"பாய், இது என்னங்க? நேத்து சாயங்காலத்துலேர்ந்து உங்க வீட்டையே சுத்துது."

"ஏர்ஃபோர்ஸ் விமானமா இருக்கும், அண்ணே."

"ஏர்ஃபோர்ஸ் விமானம் வந்தா போயிடும். இது போகலயே. கொக்கு ஒண்ணுகூட வயல்ல எறங்கல பாத்தீங்களா? வருது, அந்தப் புளிய மரம் வரைக்கும் வருது, திரும்பிடுது." அவர் மண்வெட்டியை வேறு தோளுக்கு மாற்றினார். "நீங்கதான் பிளேன் வேலை பாத்தவராச்சே. போன் பண்ணிக் கேளுங்களேன்."

யாரைக் கேட்பது? என்னவென்று கேட்பது?

உள்ளே வந்தால் சபிஹா ஒரு பெட்ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மழைக்கு முன்னால் மொட்டை மாடியில் காயப் போட்டது. வெள்ளைத் துணியில் மிளகு தூவியது போலக் கரும்புள்ளிகள். "மோந்து பாருங்க" என்றாள். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. பதினாறு வருடம் சட்டையில், முடியில், சோற்றில் ஒட்டிக்கொண்டிருந்த வாடை. விமான எரிபொருள்.

"யாராச்சும் மண்ணெண்ணெய் அடுப்பு எரிச்சிருப்பாங்க" என்றான்.

"இந்தக் காலத்துல யாருங்க மண்ணெண்ணெய் அடுப்பு எரிக்கிறா?" என்று கேட்டுவிட்டு, அவன் முகத்தை ஒரு தரம் பார்த்து, பெட்ஷீட்டைத் திரும்ப ஊறப் போட்டாள்.

அன்று மத்தியானம் அவன் கணினியைப் போட்டான். எப்போதும் திருச்சியில், எஞ்சின் அணைந்து, விளக்கெல்லாம் அணைந்து நிற்கிற விமானத்தில்தான் ஆரம்பிக்கும். அன்று நேராக ஆகாயத்தில் திறந்தது. அதே விமானம், அதே இடச் சாய்வு, கீழே அதே குடமுருட்டி. மூடினான். புதிதாக வேறொரு விமானத்தைத் தேர்ந்தெடுத்தான், வேறொரு ஊரையும். சுழன்று சுழன்று, இதிலேயே வந்து நின்றது. எரிபொருள் முள் மட்டும் நேற்று விட்ட இடத்தில் இல்லை. கொஞ்சம் இறங்கியிருந்தது. நிஜத்தில் இந்த விமானம் ஆறேழு மணி நேரத்தில் தொட்டியைக் காலி செய்துவிடும். இது ராத்திரி பூராவும் சுற்றி, சிறுகச் சிறுகத்தான் குடித்திருந்தது.

அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது என்று முடிவு செய்தான். இந்த ஊர் இணைய வேகத்தில் அது எட்டு மணி நேர வேலை. நடுவில் இரண்டு தடவை மின்சாரம் போய், இரண்டு தடவை முதலிலிருந்து ஆரம்பித்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோதுதான் முடிந்திருந்தது. எந்தப் பழைய கோப்பும் இல்லை, எந்தப் பழைய பயணமும் இல்லை. திறந்தான்.

ஆகாயம். இடச் சாய்வு. முள் இன்னும் கீழே.

கீபோர்டை ஓங்கித் தட்டினான். ஒரு விசை தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போனது. அழுகை வந்த மாதிரி இருந்தது. பயத்தில் வந்த அழுகையில்லை. எட்டு வாரமாகத் தன்னை முட்டாளாக்கிக்கொண்டிருக்கிற ஒரு பொருள், இப்போது தன்னை விடவும் மாட்டேன் என்கிறதே என்கிற ஆத்திரம்.

அந்த ஆத்திரத்தில்தான் அதைச் செய்தான். இடது எஞ்சினின் நெம்புகோலைப் பின்னால் இழுத்தான். திரையில் இடது எஞ்சின் தணிந்தது. கூரைக்கு மேலே, மேகத்துக்குள், சத்தத்தில் பாதி தணிந்தது.

முன்னால் தள்ளினான். மேலே சத்தம் எழுந்தது.

இழுத்தான். தணிந்தது. தள்ளினான். எழுந்தது.

"என்னங்க" என்று கீழேயிருந்து சபிஹா கூப்பிட்டாள். "அந்த ஏரோப்ளேனுக்கு என்ன, விக்கல் எடுத்த மாதிரி கத்துது?"

நெம்புகோலிலிருந்து கையை எடுத்தான். வெகுநேரம் வரைக்கும் அவன் எதையும் தொடவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜாஹித்தைப் பிடித்தான். என்ன சொல்வதென்று தெரியாமல், கைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். "கேக்குதா?"

"கேக்குது. நல்ல ஸ்பீக்கர் வாங்கிட்டே போல."

"ஸ்பீக்கர் இல்ல ஜாஹித். வெளில."

"மச்சான், நீ ரொம்ப நேரம் உக்காராதே. எனக்கும் கொஞ்ச நாள் குளிக்கும்போதெல்லாம் காதுல கேட்டுச்சு." ஜாஹித் சிரித்தான். "எறக்கிட்டியா, இல்லியா?"

"தானியங்கி விட மாட்டேங்குது."

"கையேட்டைப் படி. நீ எதையும் பாதில விட்டுட்டு ஓடுவே, எனக்குத் தெரியாதா?"

நௌஷாத் கைபேசியை வைத்துவிட்டான். கோபம் தணியவில்லை. ஆனால் கையேட்டை எடுத்தான். ஐந்நூறு பக்கத்துக்கு மேல் அவன் புரட்டியதே இல்லை. தரையிறங்குவது எல்லாம் அங்கேதான் இருந்தது.

புதன்கிழமை விடாமல் மழை பெய்தது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்தான். இறக்கிவிடுவது என்றுதான் உட்கார்ந்தான். திருச்சி வரைக்கும் கொண்டுபோய், ஓடுபாதையில் வைத்து, எஞ்சினை அணைத்து, கதவைத் திறந்துவிட்டால் முடிந்தது. அப்புறம் இந்தச் சனியனை ஜென்மத்துக்கும் தொடப்போவதில்லை. சிவப்புப் பொத்தானை ஒரு தடவை அழுத்தச் சொல்லியிருந்தது. அழுத்தினான். இரண்டு தடவை. பிடித்துக்கொண்டே அழுத்தினான். ஸ்டீரிங்கைப் பலம் கொண்டமட்டும் திருகினான். விமானம் சட்டையே செய்யாமல் தன் நாலு நிமிட வட்டத்தைப் போட்டது. மேலேயும் போட்டது. முள் சிவப்புக் கோட்டைத் தொட இன்னும் ஒரு விரல் கனம்தான்.

அப்போதுதான் அந்த ஒலி வந்தது. டிங்.

திரையில், விமானியின் தலைக்கு மேலிருந்த சுவிட்சு வரிசையில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. பயணிகள் பகுதியிலிருந்து அழைப்பு. கையேட்டில் இப்படியொன்று படித்த நினைவில்லை. அதைத் தொட்டான்.

"கேப்டன் சார்." ஒரு பெண். களைத்துப்போன, மரியாதையான குரல். இங்கிலீஷ் இல்லை. தமிழ், இந்தப் பக்கத்துத் தமிழ். "தண்ணி தீந்து போச்சுங்க சார். கைக்குழந்தை ஒண்ணு அழுது அழுது ஓஞ்சு போச்சு. இன்னும் எவ்வளவு நேரமாகும்னு கேக்கச் சொன்னாங்க."

அவன் ஹெட்போனில் மைக் கிடையாது. அது அவனுக்குத் தெரியும். இருந்தும் வாய் தானாகத் திறந்தது.

"யாருங்க நீங்க?"

ஒரு கணம் இரைச்சல் மட்டும். அதற்குள் நிறையப் பேர் இருக்கிற ஓசை. இருமல். யாரோ யாரையோ சமாதானப்படுத்துவது.

"நீங்கதானே சார் இருங்கன்னு சொன்னீங்க" என்றது குரல். "இருக்கோம்."

விளக்கு அணைந்தது.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். ஜாஹித்தைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை, வேலையில் இருப்பான். செய்தி அனுப்பினான்: இந்த விமானத்தில் பயணிகள் பேசுவார்களா? ஐந்து நிமிடம் கழித்து பதில் வந்தது. 'அதுல அது இல்ல மச்சான். பேசஞ்சர் எல்லாம் இனிமேதான் சேக்கப் போறானாம். இப்போதைக்கு உள்ள வெறும் சீட்டுதான்.'

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பள்ளிவாசலின் மஃரிப் பாங்கு மழைக்குள் கரைந்து கேட்டது. அவன் எழுந்திருக்கவில்லை. பதினாறு வருடம் ஏணியடியில் நின்று பார்த்த கால்கள் நினைவுக்கு வந்தன. ரப்பர் செருப்புகள். வெடித்த குதிகால்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கீழே பார்க்க முடியாமல், படியைக் காலால் தேடுகிற அம்மாக்கள்.

மின்சாரம் போனது.

வீடு இருண்டது. கணினியும் திரையும் மட்டும் பேட்டரியில் ஓடின. பத்து நிமிடம் தாங்கும். கீழே சபிஹா டார்ச்சைத் தேடி அலமாரியைத் திறக்கிற சத்தம்.

முள் கோட்டைத் தொட்டது. ஒரு மணி அடித்தது. இந்த மணி எதற்கு என்று அவனுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை.

இடது எஞ்சின் இருமியது. மேலேயும் இருமியது. நின்றது.

மேலே பாதிச் சத்தம்.

அவன் வலது எஞ்சினின் முள்ளையே பார்த்தான். அது நடுங்கியது. விழுந்தது.

மேலே ஒன்றுமில்லை. நாலு நாளாக இருந்த சத்தம் போன இடத்தில் மழை மட்டும். மழைக்குள், தூரத்தில், மெல்லிய விசில் மாதிரி காற்று.

திரையில் விளக்குகள் வரிசையாக அணைந்தன. கடைசியாகத் தானியங்கியும் கையை விட்டது. ஸ்டீரிங் அவன் கையில் கனத்தது. எட்டு வாரத்தில் முதல்முறையாக விமானம் அவனிடம் வந்தது.

"சபிஹா!" என்று கத்தினான். "வெளில போ! வீட்ட விட்டு வெளில போ!"

"என்னங்க?"

"போன்னு சொல்றேன்ல! ஓடு!"

முன்கதவுத் தாழ்ப்பாள் திறக்கிற ஓசை. செருப்புச் சத்தம். போய்விட்டாள்.

திருச்சி எட்டாது. தஞ்சாவூரும் எட்டாது. மூக்கைத் தாழ்த்தினான். மேகம் கிழிந்தது. தென்னைகள். சாலை. சாலையில் ஒரு பேருந்தின் விளக்கு. மின்கம்பிகள். இறங்க இடமில்லை. எங்கேயும் தென்னை. ஒரே ஒரு இடம் மட்டும் வெறிச்சென்று, தண்ணீர் மினுங்க, நீளமாக. வரப்பைப் பார்த்தான். புளிய மரத்தைப் பார்த்தான். செல்லதுரையின் வயல்.

வயலோரத்தில் ஒரு மாடி வீடு. மாடி ஜன்னலில் நீலமாக ஒரு வெளிச்சம்.

அறிவிப்புப் பட்டியலைத் திறந்தான். கடைசி வரி: 'அவசரத் தரையிறக்கம்.' தட்டினான். அது போதுமா என்று தெரியவில்லை. மைக் இல்லாத ஹெட்போனை வாய்க்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு அவனே சொன்னான். "எல்லாரும் குனிஞ்சுக்கங்க. தலைய முழங்கால்ல வச்சுக்கங்க. நான் சொல்ற வரைக்கும் நிமிராதீங்க."

இறக்கையை நேராக்கினான். வேகம் குறைந்தது. அவ்வளவு நேர்த்தியாக அவன் ஒரு விமானத்தையும் ஓட்டியதில்லை. புளிய மரம் கீழே போனது. நீல ஜன்னல் பெரிதானது. அதில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. முதுகு. ஹெட்போன். தண்ணீர் எழுந்து வந்தது.

பேட்டரி தீர்ந்தது. திரை கறுத்தது.

காத்திருந்தான்.

இடி மாதிரி ஒன்றும் இல்லை. பெரிய ஈரத் துணியொன்றை நீளமாகக் கிழிக்கிற சத்தம். வயலில். வெகுநேரம். பின்சுவரில் தண்ணீர் வந்து மோதியது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

அப்புறம் அமைதி. தவளைகள்கூட இல்லை.

எரிபொருள் வாடை அறைக்குள் வந்தது.

எழுந்தான். முழங்கால் மடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். மழை விட்டிருந்தது. மேகத்துக்குப் பின்னால் எங்கேயோ இருந்த நிலாவால் வயல் சாம்பலாகத் தெரிந்தது. இறக்கை இல்லை. வால் இல்லை. உடைந்த தகடு ஒன்றுகூட இல்லை. நாற்று மிதிபடாமல் நின்றது.

முதலில் மூட்டைகள் என்று நினைத்தான். வயல் முழுக்க வரிசையாக மூட்டைகள். இரண்டு. ஒரு இடைவெளி. இரண்டு. அடுத்த வரிசையில் இரண்டு. இடைவெளி. இரண்டு. ஏணி வைத்து ஏணி வைத்து அவனுக்கு மனப்பாடமான இருக்கைக் கணக்கு. பதினெட்டு வரிசை.

மனிதர்கள். நாற்றுக்கு மேலே, ஒன்றுமில்லாததன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். கணுக்கால் தண்ணீருக்குள். எல்லாரும் குனிந்து, முழங்காலில் தலை வைத்து, பின்னந்தலையைக் கைகளால் மூடிக்கொண்டு. ஒருவரும் அசையவில்லை.

அவன் இன்னும் நிமிரச் சொல்லவில்லையே.

வீட்டின் மூலையைச் சுற்றிக்கொண்டு ஒரு வெளிச்சம் வந்தது. டார்ச். சபிஹா. முன்பக்கமாக ஓடியவள், சத்தம் கேட்டுப் பின்பக்கம் வந்திருக்கிறாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வரப்பில் நின்றாள். டார்ச்சை வயல்மேல் ஓட்டினாள்.

"யாருங்க அது?" என்றாள். "அடிபட்டிருக்கா? அய்யோ, குழந்தைய வேற வச்சுக்கிட்டு..."

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்தான். போகாதே. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி. வரவில்லை.

சபிஹா செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். இரண்டு பக்கமும் வரிசைகள், நடுவில் அந்த இடைவெளி. அதில்தான் நடந்தாள். ஒவ்வொரு தோளாக, மெல்ல, ஆறுதலாகத் தொட்டுக்கொண்டே போனாள். டார்ச் வெளிச்சம் அவளுக்கு முன்னால் போனது. வெளிச்சத்தில் இருந்தவர்கள் குனிந்தபடியே இருந்தார்கள்.

அவள் தாண்டிப் போன ஒவ்வொரு வரிசையும் அவளுக்குப் பின்னால், இருட்டில், தலை நிமிர்ந்தது.